அஞ்சலை வீட்டுக்கு நான் எதற்குப் போனேன்

போன வாரம் எங்கள் கோயில் பங்குக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அவங்கவங்களுக்குன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. நாம எதுக்கு ஆன்ட்டி வீடு வீடாப் போயி நம்மளத சொல்லணும்?"

பங்குச் சாமியார் என்னைப் பார்த்தார். ஆண்டவருடைய கட்டளை என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். மரியாதைக்குத்தான் ஆட்டினாள் என்று தெரிந்தது. அதற்குள் டீ வந்துவிட்டது, கூட்டமும் கலைந்துவிட்டது.

நான் சொன்ன பதில் சரியானதுதான். ஆனால் சித்திரை வெயிலில், போன வாரம் கதவைச் சாத்திய வீட்டுக்கே மறுபடி நடந்து போகும்போது, கட்டளை மட்டும் நம் காலைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. வேறு ஏதோ ஒன்று கூட வருகிறது. அது என்ன என்று எனக்கே வெகு காலம் தெரியாது. வீடு வீடாகப் போய் வேதம் சொல்லித் தருகிற உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக அதை எழுதிப் பார்க்கிறேன். பாடம் நடத்துவது, பிள்ளைகளை முதல் நற்கருணைக்குத் தயார் செய்வது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் அஞ்சலையைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்த புதிது. கணவர் பேக்கரியில் ரொட்டி போடுகிற வேலை. கான்வென்டில் படித்தவள் என்பதால் அப்போதிருந்த சாமியார் என்னை உபதேசியாராகச் சேர்த்துக்கொண்டார். எனக்கு ஒதுக்கிய தெருவில் பாதி வீடுகள் மில் தொழிலாளர் வீடுகள். மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டினேன். ராத்திரி ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தவளை எழுப்பியிருக்கிறேன் என்று கதவு திறந்த பிறகுதான் தெரிந்தது. தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசு. அதுதான் அஞ்சலை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நான் கஞ்சி போட்ட சேலையும் கையில் வேதாகமமுமாக நின்றேன்.

மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். ஆண்டவர் அன்பானவர், எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கிறவர், நமக்காக உயிரைக் கொடுத்தவர். அவள் நிலைப்படியில் சாய்ந்து கடைசிவரை கேட்டாள்.

"இன்னா மதாம், முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"உள்ள வந்து உக்காரு. இப்ப நான் பேசறேன், நீ கேளு."

சங்கம் எப்படி வந்தது, பெண்களுக்கு மில்லில் தனிக் கழிப்பறை கேட்டு எப்படி வேலையை நிறுத்தினார்கள், தன் மகளுக்கு ஏன் செங்கொடி என்று பெயர் வைத்தாள் என்று நான் பேசியதைவிட அதிக நேரம் பேசினாள். மூலையில் செங்கொடி தூங்கிக்கொண்டிருந்தது, கைக்குழந்தை. சுவரில் ஒரு பையனின் படம் மாட்டியிருந்தது. மாலை இல்லை, பொட்டும் இல்லை. அதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புறப்படும்போது கேட்டாள்: "நெசமா சொல்லு, நீ எதுக்கு வந்தே?"

"சாமியார் அனுப்பினாரு."

"அப்ப நீயும் வேலைக்கு வந்திருக்கே. பரவால்ல. மே தின ஊர்வலத்துக்கு நீ வா. உன் கோயிலுக்கு நான் வரேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மே மாதம் வந்ததும் ஆள் அனுப்பினாள். போகலாமா கூடாதா என்று எனக்கு ஒரே குழப்பம். பங்கில் யாராவது பார்த்தால் பேசுவார்கள். ஆனால் அவள் கதவைத் தட்டித் தூக்கத்தைக் கெடுத்து என் பேச்சைக் கேட்க வைத்தவள் நான். போனேன். கடற்கரைச் சாலை வரைக்கும் வெயிலில் நடந்தேன். கோஷம் போட வெட்கமாக இருந்ததால் வாயை மட்டும் அசைத்தேன். அடுத்த வருடம் குருத்து ஞாயிறன்று அவளும் வந்து, குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பவனி முழுக்க நடந்தாள். "கூட்டம் நல்லாத்தான் கீது. இம்மாம் பேர் நடக்கறீங்க, யாருமே எதையும் சத்தமாக் கேக்க மாட்டேங்கறீங்களே" என்றாள். அதுதான் அவள் முழுதாகக் கலந்துகொண்ட ஒரே திருச்சடங்கு. அதற்குப் பிறகு எங்களுக்குள் யாரும் யாரையும் எங்கும் கூப்பிட்டதில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது நான் அவள் வீட்டில் இருந்தேன்.

என் கணவர் கடலூர் ரோட்டில் லாரி மோதி இறந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. பங்கே திரண்டு வந்து ஆறுதல் சொன்னது. எனக்கு ஒரு வார்த்தையும் உள்ளே இறங்கவில்லை. அஞ்சலை வந்தாள். "எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது லூர்து. நான் பாட்டுக்கு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்குப் போகாமல் என் வீட்டிலேயே இருந்தாள். சமைத்தாள், துணி துவைத்தாள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள்.

மாதங்கள் போயின. நான் பூசைக்குப் போவேன், வருவேன், அவ்வளவுதான். ஒரு சாதாரண நாள் காலைப் பூசை. நாலைந்து பேர்தான் இருந்தோம். நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து முழங்கால் போட்டேன். அப்போது என் பக்கத்தில் யாரோ வந்து இருப்பதுபோல் இருந்தது. காட்சி எதுவும் இல்லை, குரலும் கேட்கவில்லை. கீழே விழுந்துகொண்டே இருந்தவளை யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் இருந்தது. அன்றைக்குத்தான் என் கணவர் இறந்த பிறகு முதல்முறையாக எனக்குப் பசித்தது. கோயில் வாசலில் இருந்த கடையில் நின்று நாலு இட்லி சாப்பிட்டேன்.

இதை நான் வகுப்பில் சொன்னதில்லை. சாட்சி சொல்லச் சொன்ன கூட்டங்களிலும் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் சின்னதாகிவிடுமோ என்று பயம். ஆனால் அன்று இட்லி சாப்பிட்டுக்கொண்டே நான் நினைத்தது ஒன்றுதான். இது அஞ்சலைக்கும் வேண்டும். படத்தில் இருக்கும் அந்த இறந்துபோன மகனை மனசில் வைத்துக்கொண்டு அவள் தனியாக இருக்கிறாள். அவளுக்கும் இது கிடைக்கவேண்டும்.

அதுவரை நான் அவள் வீட்டுக்குப் போனதற்கும் அதற்குப் பிறகு போனதற்கும் வித்தியாசம் இருந்தது. அவளுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

இடையில் மில் மூடினார்கள். அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பஞ்சு உள்ளே போய்ப் போய் இருமல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஒரு புயலுக்குப் பிறகு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பங்கிலிருந்து அரிசி கொடுக்க ஏற்பாடானது. இளைஞர் குழுவில் துடிப்பான ஒரு தம்பி, "முதல்ல ஜெபம், அப்புறம் அரிசி. ஜனங்க மொத்தமா உக்காந்திருக்கற இந்த மாதிரி நேரம் கெடைக்காது" என்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆர்வம்தான். நனைந்த சேலையோடு பெண்கள் பள்ளிக்கூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மைக் என் கையில் இருந்தது.

அஞ்சலை அவர்களுக்கு நடுவிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்தாள். "லூர்து, அரிசிக்காக உக்காந்திருக்கறவ காதுல இப்ப எது நுழையும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மைக்கை வைத்துவிட்டு மூட்டையைப் பிரிக்கச் சொன்னேன். அந்தத் தம்பிக்கு முகம் வாடிவிட்டது. அஞ்சலை சங்கத்துக் குரலில் வரிசையை ஒழுங்கு செய்தாள். சண்டையில்லாமல் எல்லோருக்கும் கிடைத்தது. கடைசியில் விருப்பமுள்ளவர்கள் இருங்கள், ஜெபிப்போம் என்றேன். கொஞ்சம் பேர் இருந்தார்கள். அஞ்சலை அரிசிப் பையோடு வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் கையிலும் ஒருநாள் மைக் இருக்கும், எதிரே பசியோடு ஜனம் இருக்கும். மூட்டையை முதலில் பிரித்துவிடுங்கள். அரிசியைக் காட்டிச் சொன்ன சுவிசேஷத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை.

அந்தப் பூசையில் நடந்ததை அவளிடம் ஒரு மத்தியானம் சொன்னேன். ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் தைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசப் பேச மிஷின் சத்தம் நின்றது.

அவள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். "அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப நானும் கேட்டேன் லூர்து. உன் மாதாகிட்ட கேட்டேன், எங்க மாரியாத்தாகிட்ட கேட்டேன், யாருன்னே தெரியாம கேட்டேன். அவன் போனப்புறமும் கேட்டேன். பையன் வேணாம், எனக்குன்னு ஒரு வார்த்த சொல்லுன்னு கேட்டேன். யாரும் வரல."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ பொய் சொல்லல. உனக்குக் கெடச்சுது. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சில நாள் உன்னப் பாத்தா பொறாமையாக்கூட இருக்கும். எனக்குக் கெடைக்கல. கெடைக்காதத கெடச்சுதுன்னு பொய் சொல்லி வாங்கிக்க முடியுமா, சொல்லு?"

அதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் பதில் இருந்தது. எனக்கு அது மனப்பாடமாகவும் தெரியும். சொல்லவில்லை. மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அன்றைக்குப் போல் நான் அவளுக்காக ஜெபித்த நாள் இல்லை.

செங்கொடி வளர்ந்து, எங்கள் பங்குப் பையன் ஒருவனை விரும்பினாள். திருமுழுக்குக்கு அவளைத் தயார் செய்தது நான்தான். அஞ்சலை தடை சொல்லவில்லை. "அவ இஷ்டம். நாளைக்குப் புடிக்கலன்னாலும் அவ இஷ்டம்" என்றாள். கோயிலில் அவளுக்குத் தெரேசா என்று பெயர். அம்மா கடைசிவரை செங்கொடி என்றுதான் கூப்பிட்டாள். அந்தப் பெண் பேருக்கு ஞானஸ்நானம் வாங்கியவள் இல்லை. நம்மில் பலரைவிட ஆழமாக நம்பினாள். அதனால்தான் பிறகு நடந்தது அவளை அப்படி வதைத்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அஞ்சலைக்கு மூச்சு மோசமாகி, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த சமயம். செங்கொடி போன் செய்தாள். பஸ் பிடித்துப் போனேன். மூக்கிலும் வாயிலுமாக ஆக்சிஜன் மாஸ்க். கண் மூடியிருந்தாள். டாக்டர் செங்கொடியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். பேசியது என்ன என்று அவள் முகத்திலேயே இருந்தது.

என்னைக் கண்டதும் என் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திணித்தாள்.

"ஊத்துங்க லூர்தம்மா."

"என்னம்மா?"

"ஆபத்துல யாரு வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம்னு நீங்கதானே க்ளாஸ்ல சொன்னீங்க. அது இல்லாம போனா அம்மாவுக்கு மோட்சம் எப்பிடி? நீங்க ஊத்துங்க. அம்மா முழிக்கறதுக்குள்ள."

"முழிக்கறதுக்குள்ள" என்று அவள் சொன்னது எங்கள் இரண்டு பேருக்குமே கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். பாட்டில் மூடியைத் திறந்துவிட்டேன். மூன்று தரம் ஊற்ற ஒரு கை தண்ணீர் போதும். சொல்லவேண்டியது ஒரே ஒரு வரி. எத்தனை பிள்ளைகளுக்கு அந்த வரியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருடம் நான் ஆசைப்பட்டதெல்லாம் அந்த நெற்றிக்கும் என் கைக்கும் நடுவில் இருந்தது. வார்டில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. அவளுக்குத் தெரியப்போவதும் இல்லை.

அவள் நெற்றியைப் பார்த்தேன். வேர்வையில் நரைமுடி ஒட்டியிருந்தது. இவள் யாரிடமும் எதையும் தெரியாமல் எடுத்துக்கொண்டவள் இல்லை. இவளிடம் நான் தெரியாமல் எடுக்கலாமா என்று தோன்றியது. பாட்டிலைத் திருகி மூடினேன்.

"முழிச்சா கேப்போம் செங்கொடி."

"முழிக்கலன்னா?"

பாட்டிலைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அவள் அழவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்த மத்தியானம் முழுவதும் நாங்கள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நான் ஜெபமாலை சொன்னேன். அவளும் சொன்னாள். ஒன்றாகச் சொல்லவில்லை.

பார்வையாளர் நேரம் தொடங்கி வார்டில் சத்தம் கூடியபோது அஞ்சலை கண்ணைத் திறந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். குனிந்து காதருகில் கேட்டேன்: "அக்கா, உனக்கு ஞானஸ்நானம் குடுக்கட்டுமா? செங்கொடி கேக்கறா."

மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "அவ கேக்கறாளா? நீ கேக்கலியா?"

"நானும்தான் கேக்கறேன். நான்தான் ரொம்ப நாளாக் கேக்கறேன்."

"எதுக்குடி?"

முதல் நாள் நான் புறப்படும்போது கேட்ட அதே கேள்வி. எனக்கு மனப்பாடம் எதுவும் வரவில்லை. "அங்க போயி நீ இல்லன்னா நான் இன்னாக்கா பண்ணுவேன்?" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. உபதேசியாராக இருந்த அத்தனை வருடத்தில் நான் சொன்ன நிஜமான பதில் அது ஒன்றுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது இருமலாக மாறியது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அடிப்பாவி. அதுக்கா இம்மாம் வருசம் நடந்தே?" என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் லூர்து. பயத்துல வாங்கிக்கினேன்னு எனக்கே தோணும். நீ சொல்றவரு நெசமாவே இருந்தா, என்னப் பத்தி நீ சொல்லி வெய்யி. உனக்குத்தான் பழக்கமாச்சே."

பிறகு வாய் காய்கிறது என்றாள். நர்ஸிடம் கேட்டேன். ஸ்பூனில் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றாள். அந்தப் பாட்டிலைத் திறந்து இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். மகளைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள். மறுநாள் போய்விட்டாள்.

சிவப்புக் கொடி போர்த்தித் தூக்கிப் போனார்கள். பழைய மில்காரர்கள், நடக்க முடியாதவர்கள்கூட ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். நானும் நடந்தேன். இந்த முறை அவர்கள் கோஷம் போட்டபோது எனக்கும் குரல் வந்தது.

செங்கொடி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கோயிலில் நான் உட்காரும் பக்கம் உட்கார மாட்டாள். ஒருநாள் வாசலில் நேருக்கு நேர் வந்தபோது, "ஒரு கை தண்ணி. அவ்ளோதானே லூர்தம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பங்குச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்தது முறைதான், கேட்காதவருக்குக் கொடுக்க முடியாது என்பார் என்று எதிர்பார்த்தேன். அதைச் சொல்லத்தான் செய்தார். ஆனால் நான் எழுந்தபோது, "அந்த எடத்துல என் அம்மா படுத்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார்.

ஆகவே நான் செய்தது சரி என்று உங்களுக்குச் சொல்லித் தர இதை எழுதவில்லை. சரியா என்று பல நாள் எனக்கே தெரியவில்லை. சில நாள் கையில் அந்தப் பாட்டிலின் கனம் தெரியும். இந்த வேலையில் நீங்கள் பலருக்குச் சொல்வீர்கள். சிலர் கேட்பார்கள், சிலர் கேட்கமாட்டார்கள். எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் சாமியார் பார்த்துக்கொள்வார். ஆனால் உங்களுக்கும் யாரோ ஒருவர் வாய்ப்பார். நீங்கள் பெற்ற நல்லது அவருக்கு இன்னும் வரவில்லையே என்ற ஏக்கத்தில் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அவரை ஏமாற்றவும் மனம் வராது, விட்டுவிடவும் மனம் வராது. அப்படியே அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருங்கள். போகிற இடத்தில் அவர் பேச்சையும் கேளுங்கள்.

போன கல்லறைத் திருநாளன்று என் கணவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அஞ்சலையைப் புதைத்த இடுகாட்டுக்குப் போனேன். அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற வழக்கம் இல்லை. நான் எடுத்துப் போகவும் இல்லை. சும்மா நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். செங்கொடி ஏற்கெனவே வந்திருந்தாள். மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று தயங்கி நின்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிடுங்கிய புல்லைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா அங்க இருப்பாங்களா லூர்தம்மா?"

அவளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவள் நான். இருப்பாங்க என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைக் கேட்கத்தான் நின்றாள்.

"தெரியாது செங்கொடி. இருக்கணும்னு தெனம் கேக்கறேன். காலைல கேக்கறேன், சாயங்காலம் கேக்கறேன். எனக்கு வேற எதுவும் கேக்கத் தோணல."

அவள் கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று எனக்கு இடம் விட்டாள்.

"எப்பிடிக் கேக்கறீங்கன்னு சொல்லுங்க" என்றாள். "நானும் கூட கேக்கறேன்."